ஆபத்திலிருந்து தப்பச் செலுத்தும் கட்டணமா மனந்திரும்புதல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெருக்கடியில் இருக்கும் கிறிஸ்தவர்களுக்கு ஆறுதலாகத் தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் வெளியான கட்டுரையை வாசித்தேன். கடவுளை நம்பச் சொன்ன பகுதியோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் துன்பம் வந்தால் எங்கோ அறிக்கையிடாத பாவம் ஒன்று இருக்கிறது என்றும், அதை அறிக்கையிட்டால் துன்பம் விலகிவிடும் என்றும் கட்டுரை சொல்கிறது. நோய்ப் படுக்கையில் இருப்பவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவரும் அதைப் படித்திருப்பார்கள். ஏற்கெனவே ஒடிந்து கிடப்பவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றும் போதனை இது. வேதாகமம் இதைச் சொல்லவும் இல்லை.

இந்தக் கேள்விக்கு இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார். லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், பலியிட வந்த கலிலேயரை ரோம ஆளுநர் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டுவருகிறார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை அவரே எடுத்துச் சொல்லி, எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரைக் காட்டிலும் அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்கிறார். அப்படியல்ல என்று பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார். அதே மூச்சில், நீங்கள் மனந்திரும்பாவிட்டால் உங்களுக்கும் கேடு என்கிறார். விபத்துக்கும் பாவத்துக்கும் முடிச்சுப் போடுவதை அவர் அறுத்துவிட்டார். மனந்திரும்புங்கள் என்ற அழைப்பையோ விடவில்லை. அந்த அழைப்பு செய்தி கொண்டுவந்து உயிரோடு நின்றவர்களுக்கு. இறந்துபோன 18 பேருடைய கணக்கைப் புரட்டிப் பார்க்க அவர் யாருக்கும் அனுமதி தரவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் (யோவான் 9) இரண்டுமில்லை என்றுதான் சொன்னார்.

அப்படியானால் பாவத்தால் துன்பம் வருவதே இல்லையா? வருகிறது. கணக்கில் பொய் எழுதியவர் ஒருநாள் மாட்டிக்கொள்கிறார். குடும்பத்தை ஏமாற்றியவர் குடும்பத்தை இழக்கிறார். இரண்டு வகைத் துன்பமும் உண்டு என்பதை 107-ஆம் சங்கீதம் தெளிவாகக் காட்டுகிறது. நெருக்கடியில் வேதத்தைத் திறப்பவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். நான்கு கூட்டத்தார் அதில் வருகிறார்கள்: வனாந்தரத்தில் வழி தெரியாமல் அலைந்தவர்கள், இருளில் கட்டுண்டு கிடந்தவர்கள், சாப்பிடவும் முடியாமல் நோயுற்றவர்கள், கடலில் புயலில் சிக்கியவர்கள். இரண்டாவது கூட்டத்தார் கடவுளுடைய வார்த்தைகளை எதிர்த்ததால் அந்த நிலைக்கு வந்தார்கள் என்று 11-ஆம் வசனமும், மூன்றாவது கூட்டத்தார் தங்கள் அக்கிரமத்தால் நோயுற்றார்கள் என்று 17-ஆம் வசனமும் சொல்கின்றன. வழி தப்பியவர்கள் மேலும் கடலில் போனவர்கள் மேலும் ஒரு குற்றமும் சாட்டப்படவில்லை. கடலில் போனவர்கள் தங்கள் தொழிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது 6, 13, 19, 28 ஆகிய வசனங்களை அடுத்தடுத்துப் படியுங்கள். நான்கு கூட்டத்தாரும் தங்கள் ஆபத்தில் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டார்கள், அவர் விடுவித்தார் என்ற ஒரே வரிதான் மாறிமாறி வருகிறது. குற்றவாளிக்கு ஒரு வாசல், நிரபராதிக்கு இன்னொரு வாசல் என்று இல்லை. கலகம் செய்தவர்கள்கூட முதலில் பாவப்பட்டியலை ஒப்பித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள் என்று சங்கீதம் சொல்லவில்லை. ஆபத்தில் மாட்டிக்கொண்டதால் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். "இத்தனை காலம் கோயில் பக்கமே போகாமல், இப்போது எந்த முகத்தோடு ஜெபிப்பது?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். இப்போதே கூப்பிடலாம். கூப்பிடத் தகுதி சேர்த்துக்கொண்டு வரத் தேவையில்லை.

பிறகு மனந்திரும்புதல் எதற்கு என்றால், பாவம் தன்னளவிலேயே சரிசெய்யப்பட வேண்டிய ஒன்று, அதற்காகத்தான். நெருக்கடி வரும்போது நாம் மூடிவைத்தவை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கின்றன. அதை நெருக்கடியின் நன்மை என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் பயத்தில் பிறக்கிற மனந்திரும்புதலுக்கு ஆயுள் குறைவு. யாத்திராகமம் 9-ஆம் அதிகாரத்தில் கல்மழையும் இடியும் எகிப்தை அடித்தபோது அந்நாட்டு மன்னன் பார்வோன், இந்த முறை நான் பாவம் செய்தேன், கர்த்தர் நீதியுள்ளவர், நானும் என் ஜனங்களும் துன்மார்க்கர் என்றான். வார்த்தையில் ஒரு குறையும் காண முடியாது. சபையில் எழுந்து நின்று சொல்லியிருந்தால் எல்லாரும் ஆமென் சொல்லியிருப்பார்கள். மழையும் இடியும் நின்றதைக் கண்டதும் (வசனம் 34) மறுபடி இருதயத்தைக் கடினப்படுத்திக்கொண்டான். அவனுக்கு மழை நிற்க வேண்டியிருந்தது. அடிமைகளாக வைத்திருந்த இஸ்ரவேலரை விடுவது தேவையாக இருக்கவில்லை. ஆகவே ஆபத்து நேரத்தில் அறிக்கையிடுகிறவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் துன்பம் நீங்காமலே போனாலும் இந்தப் பாவத்தை விடுவேனா?

பழைய ஏற்பாட்டுச் சட்டம் இதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று வியக்கத்தக்க நுணுக்கத்தோடு சொல்கிறது. லேவியராகமம் 5:5, இன்ன காரியத்தில் பாவம் செய்தேன் என்று அறிக்கையிடச் சொல்கிறது. "நான் பெரும் பாவி" என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அது அறிக்கை ஆகாது. யாருக்கு, என்ன, எப்போது, எவ்வளவு என்ற விவரம் இல்லாத அறிக்கையில் நாம் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. "கோபப்பட்டுவிட்டேன்" என்று சொல்வதற்கும், "என் தம்பியின் பங்கை என் பெயருக்கு மாற்றி எழுதினேன், அவன் கேட்டபோது ஊரார் முன்னால் அவனையே பொய்யன் என்றேன்" என்று சொல்வதற்கும் உள்ள தூரம் பெரிது. இரண்டாவதைச் சொன்னவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அடுத்த அதிகாரம் அதைத்தான் பேசுகிறது. அடுத்தவர் பொருளை ஏமாற்றியோ பறித்தோ வைத்திருப்பவர் முதலைத் திருப்பித் தந்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். நூறு எடுத்தவர் நூற்றிருபது தருகிறார். யாருக்குரியதோ அவரிடமே தருகிறார். பலி செலுத்துகிற அதே நாளில் தருகிறார். உரியவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் இல்லாமல்போனால் என்ன செய்வது என்பதற்கும் எண்ணாகமம் 5:8 வழி சொல்கிறது: அந்தத் தொகை பலி செலுத்தும் ஆசாரியனுக்குப் போகும், ஏமாற்றியவர் கையில் மட்டும் தங்கக் கூடாது. எரிகோவில் வரி வசூலித்த சகேயு இதையும் தாண்டிப் போய், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும் அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இயேசு அவர் வீட்டில் தங்க வந்த பிறகு, அந்த மகிழ்ச்சியில் எழுந்து நின்று சொன்னது அது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. எடுத்த பணத்தை உரியவரிடம் தராமல் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவது. உரியவர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது, காணிக்கைப் பெட்டிக்கு முகம் இல்லை. மத்தேயு 5:23-24 இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது: காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு. மொத்தத் தொகை கையில் இல்லாவிட்டால் இருப்பதைக் கொடுத்து, மீதியை எந்தத் தேதிகளில் தருவோம் என்று எழுதிக் கொடுக்கலாம். நெருக்கடி முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் கல்மழை நின்ற கதைதான். சிறிய தொகையானாலும் நெருக்கடியின் நடுவிலேயே தொடங்கிவிட வேண்டும்.

யாரிடம் அறிக்கையிடுவது என்பதிலும் ஒழுங்கு உண்டு. மனத்தளவில் செய்ததைக் கடவுளிடம் சொன்னால் போதும். ஒருவருக்கு எதிராகச் செய்ததை அவரிடமும் சொல்ல வேண்டும். பலர் அறியச் செய்ததைப் பலர் அறியத் திருத்த வேண்டும். நாலு பேர் முன்னால் அவதூறு பேசிவிட்டுத் தனியறையில் மன்னிப்புக் கேட்பது பாதி வேலை. கத்தோலிக்கர்கள் ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவரிடம் சொல்கிறார்கள். அங்கே கேட்டதை அவர் எந்த நிலையிலும் வெளியில் சொல்லக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். மற்றச் சபையினர் போதகரிடமோ நம்பிக்கைக்குரிய ஒரு விசுவாசியிடமோ யாக்கோபு 5:16-இன்படி சொல்லலாம். ஆனால் சாட்சி நேரத்தில் எழுந்து தன்னோடு பாவத்தில் பங்குகொண்டவர் பெயரையும் சேர்த்து உடைப்பது கூடாது. அடுத்தவருடைய பாவத்தை அறிக்கையிட நமக்கு உரிமை இல்லை. நம் மனபாரத்தை இறக்கிவைப்பதற்காக ஒன்றும் அறியாத ஒருவர் மேல் அதை ஏற்றிவிடுவதும் உண்டு. அந்த மாதிரி விஷயங்களில் முதலில் அனுபவமுள்ள ஆலோசகரிடம் பேசிவிட்டுச் செய்வதே நல்லது.

மன்னிப்புக் கேட்கும்போது "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்காதீர்கள். புண்படுத்தியதைச் சொல்லுங்கள். "ஆனால்" என்ற சொல் வந்த இடத்தில் மன்னிப்பு முடிந்து வழக்காடல் தொடங்கிவிடுகிறது. கேட்ட உடனே மன்னித்தாக வேண்டும் என்று எதிரில் இருப்பவரை நெருக்கவும் கூடாது. வேத வசனத்தைக் காட்டி நெருக்குவது இன்னும் மோசம். அடியோ பாலியல் கொடுமையோ நடந்திருந்தால், பாதிக்கப்பட்டவரைக் கொடுமை செய்தவர் முன்னால் உட்காரவைத்து ஒப்புரவு நடத்தவே கூடாது. அங்கே செய்தவருடைய மனந்திரும்புதல் என்பது காவல்துறையிடமும் நீதிமன்றத்திடமும் உண்மையை ஒப்புக்கொள்வதையும் சேர்த்தது. சபை அதை மூடிமறைத்துவிட்டு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் பாவம் இரட்டிப்பாகிறது.

நேர்ச்சை, அதாவது கடவுளுக்குச் செய்யும் பொருத்தனை, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கிற மனிதர், "பிழைக்கவைத்தால் இதைச் செய்வேன்" என்று எதையும் சொல்லிவிடுவார். போரில் வென்றால் வீட்டிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று யெப்தா அப்படித்தான் யோசிக்காமல் பொருத்தனை செய்து மகளை இழந்தான் (நியாயாதிபதிகள் 11). பொருத்தனை செய்து செலுத்தாமல் போவதைவிடச் செய்யாமல் இருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. கலங்கிய நேரத்தில் செய்துவிட்டு இப்போது நிறைவேற்ற முடியாமல் தவிப்பவர்கள் நொந்துபோக வேண்டாம். பொருத்தனை செய்தவர் ஏழையானால் அவருடைய வசதிக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்பிட வேண்டும் என்று லேவியராகமம் 27:8 இடம் கொடுக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் நேர்ச்சையிலிருந்து விடுவிக்கவும், அதை வேறொரு நற்செயலாக மாற்றவும் வழிவைத்திருக்கிறது. ஆகவே குருவானவரிடமோ போதகரிடமோ போய்ப் பேசுங்கள். மனைவி மக்களைப் பட்டினி போட்டு நிறைவேற்றும் பொருத்தனையைக் கடவுள் கேட்கவில்லை.

கட்டுரையின் மற்றொரு பாதி நம்பிக்கை. கடவுளை நம்புகிறவர் அசையாமல் காத்திருப்பார் என்பது போல அது எழுதப்பட்டிருந்தது. அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை அந்தக் கட்டுரையாளர் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். கைதியாகக் கொண்டுபோகப்படும் அப்போஸ்தலர் பவுலோடு சேர்த்து, புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது, கப்பல் மட்டும் போய்விடும் என்று தேவதூதன் மூலம் வாக்குக் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? நள்ளிரவில் கரை நெருங்குவது போலத் தோன்றியதும் ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம் (பாகம் என்பது கடலாழத்தை அளக்கும் அளவு). சற்று அப்பால் மறுபடி பார்க்கிறார்கள்: பதினைந்து பாகம். பாறையில் மோதாமலிருக்கப் கப்பலின் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரம் இறக்குகிறார்கள். கப்பலாட்கள் நங்கூரம் போடுவதாகச் சாக்குச் சொல்லிப் படகை இறக்கித் தப்பப் பார்க்கும்போது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொல்பவர் பவுல், வாக்கை நேரில் பெற்ற அதே மனிதர். 14 நாட்களாகச் சரியாகச் சாப்பிடாதவர்களைச் சாப்பிடச் சொல்கிறார். அதன்பின் கோதுமையைக் கடலில் எறிந்து கப்பலை இலேசாக்குகிறார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளையும் கப்பல் துண்டுகளையும் பிடித்தும் கரை சேர்கிறார்கள்.

இந்த ஒரே அதிகாரத்தில் நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்பது முழுவதும் இருக்கிறது. வாக்கு இருக்கிறதே என்று சும்மா உட்காரவில்லை; வாக்கு இருந்ததாலேயே பதறாமல் ஆழம் பார்க்க முடிந்தது. தொழில் தெரிந்தவர்களை விட்டுவிடவில்லை. பசியோடு முடிவெடுக்கவில்லை. எது வாக்களிக்கப்பட்டது, எது வாக்களிக்கப்படவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது: உயிர் உண்டு, கப்பல் இல்லை. நம்மில் பலர் இடறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். எரேமியா 29:11-ஐச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் அதற்கு முந்தின வசனத்தையும் படிக்கட்டும். சமாதானத்துக்கான நினைவுகள் என்ற அந்த வாக்கு, பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய நிருபத்தில் வருகிறது. 70 ஆண்டு முடிந்த பிறகுதான் திரும்புவீர்கள் என்றும், அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் அதே நிருபம் சொல்கிறது. அடுத்த வாரத்துக்குள் வேலை கிடைக்கும் என்று அந்த வசனத்தைக் காட்டி யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. மருந்தை நிறுத்துவது நம்பிக்கையின் அடையாளம் என்று பேசுகிறவர்களுக்கு 2 இராஜாக்கள் 20. நோயுற்ற எசேக்கியா அரசனுக்கு 15 ஆண்டு ஆயுள் கூட்டிக் கொடுக்கப்பட்ட பிறகும், அத்திப்பழ அடையைக் கொப்புளத்தில் பற்றுப் போடச் சொன்னார் தீர்க்கதரிசி ஏசாயா.

தீர்க்கதரிசி நாத்தான் சொல்லித் தாவீது அரசன் மனந்திரும்பிய நிகழ்ச்சியும் (2 சாமுவேல் 12) கட்டுரையின் வாதத்துக்கு இடம் தரவில்லை. பாவம் செய்தேன் என்று தாவீது சொன்ன உடனே மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. ஆனாலும் தாவீதின் குழந்தை ஏழாம் நாளில் இறந்தது. அந்த இறப்புக்குக் காரணம் இன்னது என்று தீர்க்கதரிசி நேரில் வந்து சொன்னது உண்மை. அப்படி அனுப்பப்படாத நாம் அடுத்தவர் வீட்டில் நாத்தானாக நிற்கக் கூடாது.

ஜெபிக்க வாய் வராதவர்களுக்கு 13-ஆம் சங்கீதம். ஆறே வசனம். முதல் இரண்டில் எதுவரைக்கும் என்று முறையிடுகிறார், அடுத்த இரண்டில் வேண்டியதைக் கேட்கிறார், கடைசி இரண்டில் நம்புகிறேன் என்கிறார். இதே வரிசையில் மூன்று வாக்கியம் எழுதி அதையே காலையும் இரவும் சொன்னால் போதும். பதற்றத்தில் நீண்ட ஜெபம் யாருக்கும் நிலைக்காது. நம்புகிறேன் என்ற மூன்றாவது வாக்கியம் வரவே இல்லையென்றால் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது முறையீட்டில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அப்படியும் அது ஜெபம்தான்.

முக்கியமான ஒன்று: எல்லாக் குற்ற உணர்வும் பாவத்திலிருந்து வருவதில்லை. "இரண்டு நாள் முன்பே மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருந்தால்", "அன்று அந்த வண்டியில் அனுப்பாமல் இருந்திருந்தால்" என்று தன்னையே அடித்துக்கொள்பவர் செய்தது பாவமில்லை. அன்று அவருக்குத் தெரிந்ததை வைத்து முடிவெடுத்தார். அதை அறிக்கையிடச் சொல்லிக் கேட்பது அவருடைய துக்கத்தைக் குற்றமாக்குகிறது. அழ விடுங்கள், கூட இருங்கள். இன்னொரு வகையினர் அறிக்கையிட்டு விட்டுவிட்ட ஒரே பாவத்தை நாளுக்குப் பத்து முறை அறிக்கையிடுவார்கள், சரியாகச் சொன்னோமா என்று மறுபடி தொடங்குவார்கள். பாவத்தை அறிக்கையிட்டால் கடவுள் மன்னிப்பார் என்ற 1 யோவான் 1:9 அவர்கள் மனதில் நிற்காது. கத்தோலிக்க ஆன்ம வழிகாட்டிகள் இப்படிப்பட்டவர்களை ஒரே குருவானவரிடம் மட்டும் போகச் சொல்வதும், முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லத் தடை போடுவதும் பழைய வழக்கம். தூக்கமும் சாப்பாடும் கெடுகிற அளவுக்குப் போனால் அது மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும், அவரைத் தனியே விடக் கூடாது.

ஆறுதல் சொல்லப் போகிறவர்கள், பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபின் நண்பர்களை நினைத்துக்கொள்ளட்டும். ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். பிறகு வாயைத் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்ற ஒரே வாதத்தைப் பல விதமாகச் சொன்னார்கள். முடிவில் ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய்ப் பலியிடும்படி கடவுள் கட்டளையிட்டது அந்த நண்பர்களுக்கு. யோபும் தூளிலும் சாம்பலிலும் இருந்து மனஸ்தாபப்படுகிறார், உண்மைதான். ஆனால் அறியாமல் பேசிவிட்டேன் என்பதற்காக. நண்பர்கள் சாட்டிய பாவங்களுக்காக அல்ல. அந்த நண்பர்களுக்காக வேண்டுதல் செய்யும் பொறுப்பும் யோபுக்குத்தான் தரப்பட்டது.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இப்படிப்பட்ட கட்டுரைகளை இனி வெளியிடும்போது, துன்பப்படுகிறவரின் பாவமே காரணம் என்று எழுதும் வரிகளை ஆசிரியர் குழு எழுதியவரிடம் திருப்பிக் கேட்க வேண்டும். நோய் பற்றிய கட்டுரையானால், மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்த வேண்டாம் என்ற ஒரு வரியையும், தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கான உதவி எண்ணையும் கட்டுரையின் கீழேயே அச்சிடுங்கள். முன்பு வந்த கட்டுரையை வாசித்துக் கலங்கியவர்கள் கண்ணிலும் படும்படி, இந்தக் கடிதத்தை அதே ஆன்மிகப் பக்கத்தில் வெளியிட்டால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகன்